அரைமீசை ராஜாக்கள்

எங்கள் பள்ளியில் இயேசு நவம்பர் மாதமே பிறந்துவிடுவார். ஊர் உலகமெல்லாம் டிசம்பர் கடைசி வரை பொறுமையாகக் காத்திருக்க, எங்களுக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடையாது. நவம்பர் பாதியில் ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அவர் பிறந்தால் பார்ப்பதற்குக் காவலாளியைத் தவிர பள்ளியில் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் தேர்வெல்லாம் முடிந்து, புத்தகப்பை லேசாகி, ஆசிரியர்கள் முகத்தில் சிரிப்பு திரும்பியிருக்கும் கடைசி வாரத்தில், மண்டபத்தில் பஞ்சைத் தூவிப் பனி என்று சொல்லி, ஒரு அட்டை நட்சத்திரத்தைக் கயிற்றில் ஏற்றி, அவரைப் பிறக்கவைத்துவிடுவார்கள்.

அது கிறிஸ்துவப் பள்ளி. எங்கள் வீட்டில் முருகன் படம். அப்பா என்னை அங்கே சேர்த்ததற்குப் பக்தி காரணமில்லை. சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இறங்கிச் சாலையைக் கடந்தால் பள்ளி வாசல். காலையில் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம் என்பதற்காக எந்தக் கடவுளோடும் சமாதானமாகப் போகக்கூடியவர் அப்பா.

நான் தொடக்கநிலை மூன்றில் படித்த வருடம் என் தம்பியும் இதேபோல் முந்திக்கொண்டான். பொங்கலுக்கு வரவேண்டியவன், தீபாவளி முறுக்கு டப்பா காலியாவதற்குள் வந்துவிட்டான். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. விடுமுறைக்காகச் சிலர் சீக்கிரம் பிறப்பார்கள் என்பதை வருடா வருடம் பள்ளியில் கண்ணால் கண்டவள் நான். மார்சிலிங்கிலிருந்து எங்களுக்கு ஒத்தாசையாக வந்திருந்த அத்தையிடம், அப்பாவுடைய அக்காவிடம், இதை விளக்கிச் சொன்னேன். அத்தை சத்தமாகச் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிரித்தால் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி வீட்டுக்கு வரவில்லை. மருத்துவமனையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அம்மா காலையில் எனக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு எம்ஆர்டி ஏறிப் போனால், நான் தூங்கிய பிறகுதான் திரும்புவார். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு இப்படி ரயிலேறி அலையலாமா என்று அத்தை தினமும் சண்டை பிடிப்பார். அம்மா செருப்பை மாட்டுவார். பத்தியக் குழம்பும் பூண்டுப் பாலும் அவர் பின்னாலேயே டப்பாவில் போகும்.

என்னை யாரும் அழைத்துப் போகவில்லை. பிள்ளைகளுக்கு அந்த வார்டில் அனுமதி கிடையாது. பிறந்த தம்பியை அக்காக்காரி பார்க்கக்கூடாது என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது என்று நான் அப்பாவிடம் நியாயம் கேட்டேன். "இந்த ஊர்லதான்டா," என்றார் அப்பா. "உனக்கு இருமல் இருக்கலாம், சளி இருக்கலாம். அவன் குட்டியூண்டு. தாங்க மாட்டான்." எனக்கு இருமலே இல்லை என்று நிரூபிப்பதற்காக அன்று முழுவதும் மூச்சை அடக்கிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்ததும் நேராக மருத்துவமனை, அங்கிருந்து வீடு. வந்து நிற்கும்போது சட்டை கசங்கிக் கண் சிவந்திருக்கும். ஆனால் கதவைத் திறந்த உடனே அவர் முகத்தில் ஒரு விளக்கு எரியும். "இன்னிக்கு உன் தம்பி என்ன பண்ணினான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். ஒருநாள் அவன் தாதியின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றானாம். இன்னொரு நாள் கொட்டாவி விட்டானாம், அதைப் பார்த்து டாக்டரும் கொட்டாவி விட்டாராம். பக்கத்துப் பெட்டியிலிருக்கும் சீனக் குழந்தைக்கும் அவனுக்கும் நல்ல சிநேகமாம், இரண்டு பேரும் காலால் பேசிக்கொள்கிறார்களாம். என் தம்பி ஒரு கண்ணாடி மாளிகையில், சுற்றிலும் ஆள் அம்பு சேனையோடு ராஜகுமாரனாக இருப்பதாகவே நான் நம்பினேன். எத்தனையோ பேர் மேடையில் நடித்துப் பார்த்துவிட்டேன். அவர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் என் அப்பாவுக்கு உறை போடக் காணாது.

அப்பாதான் எனக்குப் பின்னலும் போட்டார். ஒரு பின்னல் காதுக்கு மேலே தொடங்கும், இன்னொன்று கழுத்தில் தொடங்கும். "பேஷன்டா, இதான் இப்ப பேஷன்," என்று அனுப்பிவிடுவார். நானும் அதை நம்பி மிடுக்காகப் போவேன்.

அந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உயிர்களின் வாழ்க்கைச் சுழற்சியைப் படிப்பதற்காக டீச்சர் கொண்டு வந்து வைத்தது. உள்ளே மஞ்சள் விளக்கு, அதன் அடியில் சில கோழி முட்டைகள். எங்கள் வகுப்பாசிரியை ஒரு சீனப் பெண்மணி. குரல் உயர்த்தாமலே எங்களை உட்காரவைக்கத் தெரிந்தவர். முட்டைகளில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரியது. அதற்கு நாங்கள் 'பாஸ்' என்று பெயர் வைத்திருந்தோம். இடைவேளை மணி அடித்தால் போதும், மொத்த வகுப்பும் பெட்டியைச் சுற்றி நின்று பாஸையே பார்க்கும். பக்கத்து வகுப்பிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மற்ற முட்டைகள் எல்லாம் பொரித்தன. பாஸ் மட்டும் அசையவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பெட்டியில் அது இல்லை. சில முட்டைகள் பொரிக்காது, அதில் யார் தப்பும் இல்லை என்று டீச்சர் சொன்னார். யார் தப்பும் இல்லாமல் ஒரு காரியம் எப்படி நடக்கும் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

தம்பி பிறந்த பிறகு, வகுப்பில் ஆளுக்கொரு செய்தி சொல்லும் நேரத்தில் நான் எழுந்து, என் தம்பியும் இதே மாதிரிப் பெட்டியில்தான் இருக்கிறான், விளக்கும் உண்டு என்றேன். முன்வரிசையில் இருந்த ஒருவன் மிகுந்த மரியாதையோடு கையைத் தூக்கி, உன் தம்பி முட்டையில் வந்தானா என்று கேட்டான். எனக்கும் அது சந்தேகமாகத்தான் இருந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து என் கோணல் பின்னலைக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்தார்.

நாடகத்துக்கு ஆள் எடுத்தது அதற்கு மறுநாள். எங்கள் வகுப்புதான் அந்த வருடம் இயேசுவைப் பிறக்கவைக்க வேண்டும். டீச்சர் யாரையும் வெளியே விடமாட்டார். ஆடு, ஒட்டகம், நட்சத்திரத்தின் கயிற்றை இழுப்பவன் என்று எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்குத் தேவதையாக ஆசை. வெள்ளிச் சரிகை ஒட்டிய இறக்கை, யாருக்குத்தான் ஆசை இராது? டீச்சர் என்னை முதல் ராஜாவாகப் போட்டார். மூன்று ராஜாக்களில் நான்தான் குட்டை, அதனால் முன்னால். மற்ற இருவர் ஒரு சீனப் பையனும் ஐரோப்பியக் கலப்புள்ள ஒரு யுரேஷியப் பையனும். பெண் எப்படி ராஜாவாவது என்று அன்று மாலை முழுவதும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தேவதைகள் எல்லாம் எங்கே நிற்பார்கள் என்று கேட்டார். மேலே, பெஞ்சின் மீது என்றேன். ராஜா எங்கே நிற்பார் என்று கேட்டார். குழந்தைக்குப் பக்கத்தில், மண்டியிட்டு என்றேன். "அப்புறம் என்ன லா? தேவதைங்க தூரத்துல இருந்து கையசைக்கும். ராஜாதான் பக்கத்துல போய்க் குழந்தையைப் பாக்க முடியும்." இப்படி ஒரு கோணம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நிமிடமே மூக்கைத் துடைத்துக்கொண்டு ராஜாவாகிவிட்டேன்.

இப்போது அத்தையின் வாய்க்கு வருகிறேன். அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்புக்கும் அந்த நீளம் உண்டு என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒருநாள் அவர் மார்சிலிங்கில் இருந்த மாமாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "தீபாவளிக்கு அவ வயித்தப் பாத்து ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாளுங்கல்ல? எவ கண்ணு பட்டுச்சோ. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க." கட்டிலில் படுத்திருந்த எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பாஸ் ஏன் பொரிக்கவில்லை? மொத்த வகுப்பும் அதையேதான் பார்த்தோம். மற்ற முட்டைகளை ஒருத்தரும் பார்க்கவில்லை, அவை பிழைத்துக்கொண்டன. என் தம்பி எங்கே இருக்கிறான்? கண்ணாடிப் பெட்டியில், எல்லோரும் பார்க்கும்படி. எங்கள் மாடியில் எந்தக் குழந்தையை வெளியே தூக்கி வந்தாலும் கன்னத்தில் கருப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு இருக்கும். அது இல்லாமல் பக்கத்து வீட்டு அக்கா லிஃப்ட் வரைக்கும்கூடக் குழந்தையைக் கொண்டு போகமாட்டார்.

அப்பா வந்ததும் முதல் கேள்வியாக அதைக் கேட்டேன். தம்பிக்குப் பொட்டு வைத்தீர்களா?

அப்பாவிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரு வேடிக்கையான பதில் இருக்கும். அன்று இல்லை. அங்கே மை, பவுடர் எதுவும் ஆகாது, நாங்களே முழங்கை வரை கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகிறோம், டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். ஒரே ஒரு பொட்டு என்றேன். "விடமாட்டாங்கடா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். எனக்கு அழுகையாக வந்தது. பெரியவர்கள் இத்தனை பேர் இருந்துகொண்டு, இவ்வளவு சின்ன விஷயத்தை ஒருத்தரும் செய்யவில்லையே என்று ஆற்றாமை. பாஸ் மாதிரித் தம்பியும் ஒரு திங்கட்கிழமை காணாமல் போய்விடுவானோ என்று பயந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாடக நாள் வந்தது. மார்சிலிங் மாமாவின் கல்யாணச் சரிகை வேட்டி, மேலே அங்கவஸ்திரம், தலைப்பாகை, அதற்கும் மேலே டீச்சர் செய்த தங்கத்தாள் கிரீடம். நான் கொண்டுபோகும் பொன், எங்கள் வீட்டு முறுக்கு டப்பாதான். அதற்கும் தங்கத்தாள் சுற்றியாயிற்று. அத்தை என்னோடு பள்ளிக்கு வந்து, மேடைக்குப் பின்னால் தன் கைப்பையைத் திறந்து கண்மை டப்பியை எடுத்தார். "மீசையில்லாத ராஜாவை எவன்டி மதிப்பான், என் மருமகளே?" என்று எனக்கு இழுத்து விட்டார் பாருங்கள், இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு, ஐயனார் தோற்றார். அதைப் பார்த்த மற்ற இரண்டு ராஜாக்களுக்கும் பொறுக்கவில்லை. "ஆண்ட்டி, மீ ஆல்சோ," என்று முகத்தை நீட்டினார்கள். அத்தை ஆளுக்கொரு மீசை போட்டார். யுரேஷியப் பையனுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகவே போட்டார்.

டீச்சர் வந்து என் கிரீடத்தைச் சரிசெய்தார். ஊசி குத்தும்போது அவர் விரல் என் நெற்றியிலேயே கொஞ்ச நேரம் நின்றது. நன்றாக நடி, உன் அப்பா வருவார் என்று மட்டும் சொன்னார். அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் திரைச்சீலையின் இடுக்கு வழியாகப் பார்த்தபோது அவர் இல்லை. ஆடுகள் போய்விட்டன. தேவதைகள் பெஞ்சில் ஏறிவிட்டார்கள். அட்டை நட்சத்திரம் ஒரு இடத்தில் சிக்கி, பிறகு ஒரே இழுப்பில் உச்சிக்குப் போயிற்று. அப்போதுதான் பின் கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். வேலைச் சட்டை இல்லை. மார்பில் மருத்துவமனையில் ஒட்டும் பார்வையாளர் காகிதம் அப்படியே இருந்தது. உட்கார இடம் இருந்தும் உட்காராமல் சுவரோடு நின்றார். கையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

மரியாளாக இருந்த பெண் துணிக்குள்ளிருந்து பொம்மையை எடுத்து மாட்டுத் தொட்டியில் படுக்கவைத்தாள். மண்டபம் முழுக்க ஒரே குரலாக "ஓ..." என்றது. அவ்வளவு அழகான பொம்மை. இருட்டில் எல்லாக் கைபேசிகளும் எழுந்தன. அத்தனை வெளிச்சப் புள்ளிகளும் அந்தத் தொட்டியையே பார்த்தன. அத்தனை கண், ஒரு பொட்டுகூட இல்லை.

நான் போய் மண்டியிட்டேன். டப்பாவை வைத்துவிட்டு, கிழக்கிலிருந்து பொன் கொண்டு வந்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, தலை வணங்கி எழுந்து போகவேண்டும். அதுதான் பாடம். டப்பாவை வைத்தேன். கை தானாக மேலே போயிற்று. மீசையின் வலதுபக்கத்தை விரலால் வழித்தேன். குழந்தை இயேசுவின் கன்னத்தில் கருப்பாக, நன்றாகத் தெரியும்படி ஒரு பொட்டு வைத்தேன்.

"இனிமே கண்ணு படாதுடா தம்பி," என்றேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் மைக் இருந்ததை நான் மறந்துவிட்டேன். மண்டபத்தின் நான்கு மூலையிலும் அது தமிழில் கேட்டது.

பாதி மீசையோடு நான் எழுந்து திரும்பியபோது சிரிப்பு வெடித்தது. முன்வரிசையில் முதல்வரே சிரித்தார். எனக்குப் பின்னால் வந்த சீன ராஜாவுக்கு இது ஒத்திகையில் இல்லாத சங்கதி. ஆனால் அவன் ஒழுங்கான மாணவன். முன்னால் போகிறவர் செய்வதைத்தான் பின்னால் வருபவரும் செய்யவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார் அல்லவா? சாம்பிராணியை வைத்தான், தன் மீசையைப் பாதி வழித்தான், மறு கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தான். யுரேஷிய ராஜா கொஞ்சம் யோசித்து நெற்றியில் வைத்தான். அன்று உலகத்திலேயே திருஷ்டிக்கு இவ்வளவு பந்தோபஸ்து உள்ள இயேசு எங்கள் பள்ளியில்தான் இருந்திருப்பார். மூன்று அரைமீசை ராஜாக்களும் வரிசையாக நின்றோம். மண்டபம் கைதட்டியது.

டீச்சரைப் பார்த்தேன். திட்டு விழும் என்று நினைத்தேன். மேடை ஓரத்தில் நின்றிருந்த அவர், மேலே நடக்கட்டும் என்று பியானோவுக்குக் கைகாட்டினார். எங்கள் தமிழாசிரியை அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னதற்கு அர்த்தம் சொல்லியிருப்பார் போல. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டு முடிந்ததும் அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார். மீசையைக் கெடுத்துவிட்டேன், வசனத்தையும் விட்டுவிட்டேன் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. என்னைக் கிரீடத்தோடு தூக்கிக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது, தூக்குகிற வயது தாண்டி வெகு நாள் ஆகியிருந்தது. "தம்பியைப் பாக்கப் போலாமா?" என்றார்.

என் காதையே நான் நம்பவில்லை. பிள்ளைகளை விடமாட்டார்களே? "இன்னிக்கு விடறாங்களாம்," என்றார். உடை மாற்ற வேண்டாமா என்றதற்கு, வேண்டாம், இப்படியே வா என்றார். அத்தை என் புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். டாக்சி ஓட்டிய சீன அங்கிள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, கிங் எங்கே போகிறார் என்று கேட்டார். பேபி பார்க்க என்றேன், ராஜாவுக்குரிய கம்பீரத்தோடு. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகளை இன்னும் கழற்றவில்லை. ஒரு ஏணி மட்டும் சாய்த்து வைத்திருந்தார்கள். நமக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். அப்பா ஆமாம் என்றார்.

வார்டு கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சின்னப் பிள்ளையின் உருவம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அந்தப் படத்தைத் தாண்டித்தான் என்னை அழைத்துப் போனார்கள். ஒரு மலாய்த் தாதி என் கைகளை முழங்கை வரை கழுவிவிட்டு, ராஜ உடைக்கு மேல் மஞ்சள் அங்கி ஒன்றை மாட்டினார். கிரீடத்தை மட்டும் கழற்றிவைக்கச் சொன்னார். மீசையைத் துடைக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றார் அப்பா.

அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அப்பா அவர் தலையைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டார்.

தம்பி கண்ணாடிக்குள் இருந்தான். நான் எதிர்பார்த்த ராஜகுமாரன் இல்லை. என் முறுக்கு டப்பாவுக்குள் அடங்கிவிடுவான். எங்கு பார்த்தாலும் குழாய். மூக்குக் குழாய் நகராமலிருக்கக் கன்னத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். பெட்டியின் பக்கத்திலிருந்த வட்டத் துளை வழியாகக் கையை விடச் சொன்னார் தாதி. விரலை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் பிடித்துக்கொள்ளவில்லை. தாதியின் விரலை விடவே மாட்டேன் என்றானாமே, எனக்கு மட்டும் என்ன வந்தது? அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "ராஜா வந்துட்டாங்கன்னு பயந்துட்டான்டா," என்றார்.

எனக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. மிச்சமிருந்த இடதுபக்க மீசையை நோக்கி விரலைக் கொண்டுபோனேன். தாதி மெதுவாக என் கையைப் பிடித்துவிட்டார். எதற்கு என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா சொன்னார். பாதிக்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை, அம்மா முடித்து வைத்தார். தாதி கொஞ்ச நேரம் தம்பியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கருப்புப் பேனாவை எடுத்து அதைத் துடைத்து, கையை உள்ளே விட்டு, தம்பியின் கன்னத்துப் பிளாஸ்திரியின் மேல் ஒரு பொட்டு வரைந்தார். தோலில் படவில்லை. வட்டமாக, கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. அத்தையே வைத்திருந்தாலும் அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

ஆகாது, விடமாட்டார்கள், டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எத்தனை சொன்னார்கள். ஒரு ராஜா வந்து கேட்டதும் கதவு திறந்தது, பொட்டும் வந்தது. என் மனசுக்குள் பெருமை தாளவில்லை.

அன்று காலை டாக்டர்கள் என் பெற்றோரை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். தம்பியின் ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது, மருந்துக்குக் கட்டுப்படவில்லை. பார்க்கவேண்டியவர்கள் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், பிள்ளைகளானாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா உடனே டீச்சருக்குப் போன் செய்திருக்கிறார். இப்போதே அனுப்பிவைக்கவா என்று டீச்சர் கேட்டாராம். அவள் ராஜாவாக நடித்து முடிக்கட்டும், ரொம்ப ஆசையாக இருக்கிறாள் என்று அப்பா சொன்னாராம். அந்த ஒரு மணி நேரத்தை அப்பாவால் எப்படி எனக்குக் கொடுக்க முடிந்தது, அந்தச் சுவரோரம் நின்று எப்படிப் படமெடுக்க முடிந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அவரிடமே கேட்டேன். "நீ நல்லா நடிச்சே லா," என்பதோடு நிறுத்திக்கொண்டார். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, அம்மா சொல்லித்தான்.

அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வேட்டியும் கிரீடமும் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்பதுதான்.

ஆகவே விடுமுறை தொடங்கிய அடுத்த வாரம், மறுபடியும் தம்பியைப் பார்க்கவேண்டும் என்று அடம் பிடித்தேன். புது மருந்து பிடித்துக்கொண்டு, அவனுக்குக் காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்த வாரம் அது. அந்தத் தம்பி இன்று என்னைவிட ஒரு தலை உயரம், சாப்பாட்டு மேசையில் மீனின் நடுத்துண்டை யாருக்கும் விடுவதில்லை. அத்தை பொட்டால்தான் பிழைத்தான் என்பார், அப்பா மருந்து என்பார், அம்மா இரண்டுக்கும் தலையாட்டுவார். அது போகட்டும். அப்பா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. அத்தையிடம் வேட்டியைக் கட்டச் சொல்லி, இந்தத் தடவை முழு மீசையாகவே போட்டுக்கொண்டு, கிரீடத்தோடு எம்ஆர்டியில் ஏறினேன். வண்டியே என்னைத்தான் பார்த்தது.

வார்டு கதவில் அதே படம். அதே மலாய்த் தாதிதான் வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், கன்னத்தைத் தட்டினார். பிறகு அப்பாவிடம், சாரி, பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, உள்ளே விட முடியாது என்றார்.

எனக்கு வந்த அழுகையில் மீசை இரண்டு பக்கமும் கரைந்து கழுத்து வரை ஓடியது. போன வாரம் விட்டார்கள், இன்று விடமாட்டார்களாம், இது என்ன நியாயம்? எனக்காக அப்பா சண்டை போடுவார் என்று நிமிர்ந்து பார்த்தேன். சண்டையாவது ஒன்றாவது. என்னை உள்ளே விடமாட்டேன் என்று சொன்ன அந்தப் பெண்மணியைப் பார்த்து, கோயிலில் நிற்பதுபோல் இரண்டு கைகளையும் கூப்பி நின்றுகொண்டிருந்தார் என் அப்பா. "தேங்க் யூ, சிஸ்டர், தேங்க் யூ," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். லிஃப்டில் இறங்கும்போது வாய்விட்டுச் சிரித்தார், தேக்கா சந்தையில் எனக்கு ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தார். நான் அதைச் சாப்பிட்டேனே தவிர, வீடு வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை.